சிகரெட் பெட்டிக்குள் மாத்திரை

எச்.ஐ.வி. கூட்டு மருந்து மையத்தில் ஆலோசகர் வேலை என்பது, ஒரே கேள்வியை நாள் முழுக்க முகம் சுளிக்காமல் கேட்பது: "மாத்திரை விடாம சாப்பிடுறீங்களா?" வீட்டில் சர்க்கரைக்காரரோ பி.பி.க்காரரோ இருந்தால் இந்த அலுப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து திருச்சியில் நான் பல வருஷமாக இதைத்தான் கேட்கிறேன். மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பேன். பிறகு இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை என்று நான்கு கேள்வி. அது காசநோயைக் கண்டுபிடிக்க. வெளியே வரிசை நிற்கும்போது வேறு எதைக் கேட்பது?

யாரும் கேட்காத பெட்டி

அந்தோணி அண்ணன் (பெயரை மாற்றியிருக்கிறேன்) பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலை இடத்திலேயே மாத்திரை போடுவார். ஒரு முறை வீட்டு டப்பாவோடு ஒரு சிகரெட் பெட்டியையும் என் மேஜையில் வைத்தார். உள்ளே நான்கு சிகரெட், மூன்று மாத்திரை. இரண்டிலும் இருந்ததை எண்ணினேன். கணக்கு கச்சிதமாக இருந்தது.

நான் அவரை மனதாரப் பாராட்டினேன். வேறு சிலருக்கும் இந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "மாத்திரை டப்பான்னா என்ன ஏதுன்னு கேப்பாங்க மேடம். சிகரெட்டுன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

சளி, மறுபடி சளி

போன வருஷம் அவருக்கு இருமல் விடவில்லை. எடையும் இறங்கியது. சளிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். காசநோய் இல்லை என்று வந்தது. மறுபடி அனுப்பினோம், மறுபடி இல்லை. எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. அவருக்கு முன்பு காசநோய் வந்து குணமானதால், பழைய தழும்பு என்று எல்லோரும் சொன்னோம். மூன்றாவது முறைக்கு நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, வைரஸ் அடங்கியிருந்தாலும், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குறைந்த வயதிலேயேயும் வரலாம். புகையும் பழைய காசநோயும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று விளக்கி, ஸ்கேனுக்கு அனுப்பினார். சதைப் பரிசோதனையும் செய்து பார்த்ததில், அந்த நிழல் புற்றுநோய்தான். நல்லவேளையாகச் சின்னது, வேறெங்கும் பரவவில்லை; ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா சொன்னது அப்படி: "சளியையே கேட்டுக்கிட்டு இருக்கோமே மேடம், சிகரெட்டைப் பத்தி யாராவது கேட்டோமா?"

எழுந்திரிங்க

ஆபரேஷன் வேண்டாம் என்றார் அந்தோணி அண்ணன். "ஒண்ணுக்குத் தப்பிச்சு இன்னொண்ணுல மாட்டிக்கிட்டேன். இனி அந்த மாத்திரையும் எதுக்கு?" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். தப்பு என் பேரிலும் இருக்கும்போது என்ன தைரியம் சொல்வது? கூட வந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லா, ஸ்கேன் கவரை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்: "பதினோரு வருஷமா ஒரு நாள் விடாம முழுங்கினது, இந்த மாதிரி நாளைக்கு உடம்பு நிக்கணும்னுதான். எழுந்திரிங்க."

தேதி

அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். எச்.ஐ.வி. உள்ள இவருக்கு ஆபரேஷன் தாங்குமா என்று அங்கே ஒரு டாக்டர் இழுத்தார். சர்ஜன் வைரஸ் அளவுச் சீட்டை ஒரு தரம் பார்த்தார், இருமச் சொல்லி ஒரு தரம் கேட்டார். இன்றோடு சிகரெட்டை விட வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. பிறகு சொன்னார்: "வைரஸ் கண்ட்ரோல்ல இருக்கு. மத்தவங்களுக்கு என்ன செய்வோமோ அதேதான் இவருக்கும். தேதி குடுங்க."

ஐந்தாவது கேள்வி

இப்போது அந்த நான்கு கேள்வியோடு, பீடி, சிகரெட் உண்டா என்றும் எல்லோரிடமும் கேட்கிறேன். விடுவதற்கு வழியும் சொல்லி அனுப்புகிறேன். உறையூரிலிருந்து வரும் ஒருவர், மாத்திரைக் கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்குபவர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்: "பாராட்டுவீங்கன்னு வந்தா, புதுசா ஒரு பரீட்சை வைக்கிறீங்களே மேடம்."

முட்டி

நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தாயிற்று. அந்தோணி அண்ணன் திரும்ப வேலைக்குப் போகிறார்; சில மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். இதுவரை எல்லாம் சுத்தம். போன வாரம் வந்தவர், படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்றார். புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த முறை நானாக எதையும் முடிவு கட்டாமல் நேராக டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். எக்ஸ்ரே எடுத்து, பார்த்து முடிய ஒரு மணி நேரம். அதற்குள் நான் மூன்று பேரிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணுமில்லையாம் மேடம். எனக்கு வயசாகுதாம்."

அடுத்தவருக்கு முட்டிவலி வந்ததற்காகக் கண் கலங்கிச் சந்தோஷப்படுகிற உத்தியோகம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.