காகித மலையில் ஏறிய தீபம்

அண்ணாமலையாரை நம்பி வாழும் அன்பர்களே, பெரிய அற்புதம் எதையும் சொல்ல நான் வரவில்லை. ஒரு டார்ச் பல்பு எரியாமல் போன கதை இது. எரிந்த கதையும்தான்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தேரடித் தெருவில் தையல் கடை. "பத்தாவது போதும்மா. மேல படிச்சி இன்னா பண்ணப்போற?" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கோ அறிவியல் பிரிவில் சேர ஆசை. சாப்பாடே இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இயற்பியல் டீச்சர் கண்காட்சிக்கு ஆளுக்கொரு மாடல் செய்யச் சொன்னார். நான் நம் மலையையே செய்தேன். காகிதக் கூழில் மலை. அதைச் சுற்றி ஒரு சுழலும் தட்டு. தட்டின் மேல் தீப்பெட்டித் தேர். உடைந்த பொம்மைக் காரின் மோட்டார், அப்பா கடையின் காலி நூல்கண்டு, ரப்பர் பேண்டு, டார்ச் பேட்டரி. தேர் மலையை வலம் வரும். கிழக்கே வந்ததும் தேருக்கு அடியிலுள்ள செப்புத் தகடு, மலையடியிலுள்ள தகட்டைத் தொடும். உடனே உச்சியில் பல்பு எரியும். செய்தவளே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "ஸ்கூல்ல உன் மலையில தீபம் ஏறட்டும், அப்புறம் உன் படிப்பப் பத்திப் பேசலாம்" என்றார். கேலிதான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மாடலையும் பூஜையில் வைக்கலாமா என்று கேட்டேன். "சோறு போடற பொருளுக்குத்தான் பூஜை. வெளையாட்டு சாமானுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார். சந்தனத்தில் ஜவ்வாது கலந்து அவர்தான் வைப்பார். கிண்ணத்தை வேறு யாரையும் தொட விடமாட்டார். பூஜை நாளில் வேலை செய்யக் கூடாதே, நானும் மாடலை ஓட்டிப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து கண்காட்சி. பேட்டரியை மாட்டினேன். தேர் ஓடியது. கிழக்கே வந்தது, கடந்தும் போனது. தீபம் இல்லை. பல்பை மாற்றினேன். ஒயரை முறுக்கினேன். ஊஹூம். டீச்சர் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார். என் படிப்பு அவ்வளவுதான் என்று தோன்றியது.

ஜன்னலில் நிஜ மலை தெரிந்தது. "சாமி, வருஷா வருஷம் அங்க ஏத்திக்கிற. இங்க ஒரே ஒரு வாட்டி ஏத்தேன்" என்று மேசையில் தலை வைத்துக் கும்பிட்டேன்.

தலையைத் தாழ்த்தியதும் ஜவ்வாது வாசனை. எங்கிருந்து என்று புரியவில்லை. கண்ணைத் திறந்தால் தகடுகள் என் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. மலையடித் தகட்டில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து கெட்டியாகியிருந்தது. மின்சாரம் எப்படிப் போகும்?

நகத்தால் சுரண்டினேன். தேர் வந்தது. தீபம் எரிந்தது. டீச்சர் கை தட்டினார். நான் அழுதுகொண்டிருந்தேன். பல்பு எரிந்த சந்தோஷம் என்று அவர் நினைத்திருப்பார். சோறு போடற பொருளுக்குத்தான் பூஜை என்ற மனிதர், நான் பார்க்காத நேரத்தில் என் மலைக்கும் பொட்டு வைத்திருக்கிறார்.

சாயங்காலம் கடைக்கு ஓடினேன். "எரிஞ்சுதுப்பா!" என்றேன்.

"எரியாம?" என்றார், மெஷினிலிருந்து கண்ணெடுக்காமல். "எந்த க்ரூப்புல சேரணும்னு டீச்சரைக் கேட்டுக்கினு வா."

அதே இயற்பியலைத்தான் பிறகு நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மின்சாரம் ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். இன்னொன்றுதான் இன்றுவரை விளங்கவில்லை. விளக்கு எரியத்தான் வேண்டினேன். அதை எரியவிடாமல் தடுத்த பொட்டுதான், அப்பா மனம் இரங்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கத் துணியாத வேண்டுதலுக்குப் பதிலாக வந்தது. அதை வைத்தது அப்பாவா, அண்ணாமலையாரா?

அன்பர்களே, ஒரு காரியம் நின்றுபோனால் சாமி கைவிட்டுவிட்டார் என்று எண்ணாதீர்கள். தலை தாழ்த்திக் கேளுங்கள். தாழ்த்திய இடத்திலேயே கண்ணைத் திறந்தும் பாருங்கள். ஆயுத பூஜைக்குப் பள்ளி லேபில் எல்லாக் கருவிகளுக்கும் ஜவ்வாது கலந்து நான்தான் பொட்டு வைப்பேன். மின்சாரம் தொட்டுப் போகும் தகட்டை மட்டும் விட்டுவிடுவேன்.