கோழிப்பண்ணைக்காரரின் மகள்

இன்று பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு கோழிப்பண்ணை முதலாளி. ஜன்னலோரம் அவருடைய சின்ன மகள்.

தடுப்பூசி நிபுணர் குழுவைப் பற்றி என் போனில் ஓடிய செய்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"டெல்லியில எவனோ நாலு பேரு குழுன்னு உக்காந்துக்கிட்டு எம்புள்ளைக்கு ஊசி போடச் சொல்லுவானுங்களா? நான் ஒண்ணுகூடப் போடலீங்க."

"உங்க கோழிங்களுக்கு?"

"அதெல்லாம் தவறாமப் போட்டுருவேனுங்க. படிச்ச டாக்டருங்க சொல்றதாச்சுங்களே!"

"சாமி, உனக்கு என்ன வயசு?" என்று கண்டக்டர் குழந்தையிடம் கேட்டார். மறுபடி கேட்டும் அவள் திரும்பவில்லை.

"தட்டம்மை வந்து காது போயிருச்சுங்க. எல்லாம் விதி," என்றார் அப்பா.

அந்த விதி ஏன் கோழிகளை மட்டும் விட்டுவைத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.