பியதிலக முதலாளியின் பொலித்தீன் இருக்கை

குளியாப்பிட்டியில் பியதிலக முதலாளியின் பாணைத் தின்னாத வாய் கிடையாது. முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுத் தெருத் தெருவாகப் பாண் விற்றவர், இன்று மூன்று பேக்கரிக்குச் சொந்தக்காரர். நான் அவருடைய எதிர்வீட்டுக்காரன். அவரைக் கிண்டல் செய்ய எனக்குத் தனி உரிமை உண்டு என்று நினைக்கிறவன்.

மனிதர் எதையும் அனுபவிக்கப் பயப்படுவார். முதலில் வாங்கிய வேனையும் அடுத்து வாங்கிய காரையும், இருக்கைகளைச் சுற்றி வந்த பொலித்தீனைக் கழற்றாமலேயே ஓட்டினார், கழற்றாமலேயே விற்றார். எங்கள் ஊரில் அப்படித்தான். வாங்க வருகிறவன் கதவைத் திறந்து பொலித்தீனைப் பார்த்துவிட்டால் பேரம் பேச அவனுக்கு வாய் வராது. முதலாளியின் மனைவி ஸ்ரீயலதா அக்கா மட்டும் வெயில் காலத்தில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முதுகோடு ஒட்டிய பொலித்தீனைப் பிய்த்துக்கொண்டு, புருஷனையும் நாலு வார்த்தை திட்டிக்கொண்டே இறங்குவார்.

இந்த வருஷம் புத்தம் புதிதாக ஒரு ஜெர்மன் வண்டி வந்து இறங்கியது. ஜீப் போல உயரம், கார் போல அடக்கம். வெளியே கறுப்பு, உள்ளே தேன் நிறத் தோல் இருக்கைகள். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிந்ததும் போய்த் துடைப்பார். மதியம் போய்க் கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்பார், என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். அடுத்த நிமிஷமே முகம் சுருங்கிவிடும். நமக்கு இதெல்லாம் அடுக்குமா, பாண் வாங்குகிற சனம் என்ன நினைக்கும், ஒரு கோடு விழுந்தால் என்ன ஆவது என்று புலம்புவார். புலம்பி முடித்ததும் மறுபடி போய்க் கதவைத் திறப்பார்.

அக்கா இந்த முறை விடுவதாக இல்லை.

"இந்தத் தடவையாவது நான் தோல் சீட்டுல உக்காரணும். கவரக் கழட்டுங்க."

"கழட்டிட்டா விக்கிறப்ப என்ன சொல்றது?"

"வண்டி இன்னும் ரோட்டயே பாக்கல. அதுக்குள்ள எவனுக்கு விக்கிறீங்க, முதலாளி?"

அவர் பொலித்தீனின் ஓரத்தை இழுத்துச் செருகினார்.

முதல் பயணம் விகாரைக்கு. சோதிடர் நேரம் குறித்துக் கொடுத்ததோடு, வண்டி வடக்குப் பார்த்தபடி புறப்பட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வீட்டு வாசலோ தெற்கே. முதலாளி ஒரு ராத்திரி முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்தார். வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி வெளியே எடுத்தால் அதன் முகம் வடக்கேதானே இருக்கும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பாற்சோறு சாப்பிட்டாயிற்று. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பேக்கரி ஆட்கள் எல்லோரும் கேட்டடியில் கூடி நின்றார்கள். நேரம் வந்ததும் முதலாளியும் அக்காவும் ஏறினார்கள், வண்டி பின்னால் நகர்ந்தது. உடனே, இடிக்கப் போவதை எச்சரிக்கும் கருவி உள்ளே கீக் கீக்கென்று கத்தியது. நல்ல நேரத்தில் இதென்ன ஒப்பாரி என்று முதலாளி ஒரு பொத்தானை அமுக்கி அதன் வாயை மூடினார். வெளியே ஒருவர் இடது பக்கம் ஒடிக்கச் சொன்னார், இன்னொருவர் வலது பக்கம். நான் வரலாம் வரலாம் என்று கையாட்டினேன். முதலாளி எல்லோர் பேச்சையும் கேட்டார்.

கேட் தூண், பின்கதவிலிருந்து முன்கதவு வரை ஆழமாக ஒரு கோடு இழுத்துவிட்டது.

முதலாளி வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கி வந்து பார்த்தார். நான் ஆட்டிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினேன்.

அக்காவும் இறங்கினார். கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"இனிமே இத எவனும் புதுசுன்னு வாங்க மாட்டான். இப்பதாங்க இது நம்ம வண்டி."

சொல்லிவிட்டுத் தன் இருக்கையிலிருந்த பொலித்தீனைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். முதலாளி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவர், தன் பக்கத்துப் பொலித்தீனையும் கிழித்தெறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். தோலை உள்ளங்கையால் தடவினார். முதுகை முழுசாகச் சாய்த்தார். முகம் மலர்ந்தது, கண் கலங்கியது.

"அப்ப நான் இத்தன வருஷமா ஒரு வண்டியிலயும் உக்காரவே இல்லையா, ஸ்ரீ?" என்றார்.