சிதம்பரத்துக்குக் குதிரையில் கிளம்பி, புதுச்சத்திரம் வரை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். போன மார்ச் மாதம் அதைக் குதிரையில் போகும் ஆசை வந்தது. குதிரையேற்ற ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நாற்பது கிலோமீட்டர் பந்தயம் வைத்தார்கள்; கட்டணம் 3,000 ரூபாய். நீங்களும் இப்படி ஒன்றில் இறங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

குதிரை என் பள்ளித் தோழன் சலீமுடையது. குவைத்தில் லாரி ஓட்டிய காசில், கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று அவன் வாங்கிய பெண் குதிரை, சுல்தானா. ஊர்வலம் என்னவோ மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருப்பான்.

கெடிலம் ஆற்று மணலில் ஓடினால் கால் உரம் ஏறும் என்று திருவந்திபுரம் மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் கட்டி மூன்று மாதம் பழக்கினோம். இந்தப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. பாதி வழியில் கால்நடை மருத்துவர் சோதிப்பார். அரை மணி நேரத்துக்குள் குதிரையின் நாடித்துடிப்பு அறுபத்துநான்குக்கு இறங்காவிட்டால் அங்கேயே வெளியே.

ஞாயிறு காலை 5.30-க்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒன்பது குதிரைகள் கிளம்பின. தார் ரோட்டை விட்டு ஓரத்து மண் தடத்திலேயே ஓட்டினேன். 22 கிலோமீட்டர் தாண்டி, 7.40-க்கு இரண்டாவதாகப் புதுச்சத்திரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சலீம் மினி லாரியில் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

அரை மணி நேரம் கழித்தும் நாடி எழுபத்திரண்டு. "இன்னும் அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்" என்று கெஞ்சினேன். மருத்துவர் காது கொடுத்தே கேட்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை மார்பிலிருந்து எடுத்து வயிற்றில் வைத்தார்.

"பந்தயத்த விடுங்க சார். குடல் சத்தமே கேக்கல. இது பொழைக்கணும்."

இவ்வளவு நேரம் அதன் முதுகில்தானே உட்கார்ந்திருந்தேன்! மருத்துவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சுல்தானா முன்னங்காலால் மண்ணைப் பறித்தது, திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது, தடாலென்று படுத்துப் புரண்டது. சலீம் அதன் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, "நடக்க வைங்க, மறுபடி பொரள விடாதீங்க" என்றார் மருத்துவர். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நடத்தினோம்.

"நேத்து இன்னாடா போட்ட?" என்றேன்.

"எப்பவும் போடறதுதான் மச்சான்."

"வேற?"

சுல்தானாவின் கழுத்தைத் தடவினான். "பரீட்சைக்குப் போற புள்ளைங்கள மலைக்கு இட்டாந்தாங்க இல்ல, அவுங்க குடுத்தாங்க. வெல்லம் போட்டு வெந்த கடலப் பருப்பு. ஆளுக்கு ஒரு புடிதான் மச்சான்."

திருவந்திபுரம் மலையில் இருப்பவர் ஹயக்ரீவர், குதிரை முகம் கொண்ட சாமி, படிப்புக்கு அதிபதி. தரிசனம் முடித்து இறங்கி வருகிறவர்கள் கண்ணெதிரே உயிரோடு ஒரு குதிரை! ஆளுக்கு ஒரு பிடி என்றால் அன்றைய கூட்டத்துக்கு எத்தனை பிடி?

"வேணான்னு சொல்ல வாய் இல்லியா உனக்கு?"

"எப்பிடிடா சொல்லுவேன்? நான் பாய்னு தெரிஞ்சேதான் குடுத்தாங்க. என் குதிரைய அவுங்க கும்புட்டாங்க மச்சான்."

அவன் அழுதுகொண்டே நடந்தான். வெயில் ஏறியது. மற்றவர்கள் சிதம்பரம் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. பதினொன்றே முக்காலுக்குச் சுல்தானா வாலைத் தூக்கிச் சாணம் போட்டது; குடல் திறந்துகொண்டது. நடுரோட்டில் சலீமைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். சாணத்துக்காக இப்படி ஆடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பந்தயத்துக்கு முந்தைய நாள் தீவனத்தை மாற்றவே கூடாது. குதிரையை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கட்டுங்கள். திரும்பி வர வண்டியை முன்னாலேயே பேசிவைப்பது நல்லது; எங்களுக்கு மினி லாரி வாடகை 2,800 ரூபாய். மருத்துவர் சொன்னால் வாதாடாதீர்கள்.

மறுநாள் காலை தோப்புக்குப் போனபோது ஓர் அம்மா பள்ளிச் சீருடை போட்ட மகளோடு, கடலைப் பருப்புத் தட்டுடன் காத்திருந்தார். சலீம் முகத்தைப் பார்த்தேன். அவன் கைகட்டி, பணிவாகச் சொன்னான்:

"கோச்சுக்காதீங்கம்மா. இது விரதம்."

அந்த அம்மா பதறிப்போய்த் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அடடா, தெரியாம கொண்டாந்துட்டேனே. எந்தக் கெழமப்பா விடும்?"

"விடாதும்மா. எல்லாக் கெழமையும்தான்."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுல்தானாவை முன்னைவிடக் குனிந்து கும்பிட்டார்.