ஒரு கேன் உயிர்கள்

அன்று குழியருகே இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து வந்த வாத்தியார். அவர் கேனில் கொண்டுவந்தவற்றையும் சேர்த்தால் எண்ணி மாளாது.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரம் பக்கம் சின்ன ஜவ்வரிசி மில் வைத்திருந்தோம். மரவள்ளிக் கிழங்கு அரைத்த தண்ணீர் குழியில் தேங்கி நாறி, பெரியவரின் கிணற்றில் இறங்கிவிட்டது. தை பிறப்பதற்குள் சரியாகாவிட்டால் மில்லை மூட மனு கொடுப்பேன் என்றிருந்தார். அவர்மேல் தப்பில்லை.

கேனில் இருந்தது கறுப்புச் சேறு. அதிலுள்ள கிருமிகள் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் என்றார் வாத்தியார். வெளிநாட்டில் எண்ணெயைத் தின்னும்படி கிருமியின் குணத்தையே மாற்றியிருக்கிறார்களாம். இவை அப்படிப்பட்டவை அல்ல, சாணத்தில் இருந்தவற்றை மாவுத் தண்ணீருக்குப் பழக்கியவை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரே கவலை. கழிவு தீர்ந்தபின் எங்கள் மாவுத் தொட்டிக்கு வந்துவிட்டால்?

அவர் ஊற்றிவிட்டுப் போனதும், மாவை வெளுக்க வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் குழியைச் சுற்றி வேலிபோலத் தூவினேன். மறுநாள் பெய்த மழையில் அத்தனையும் குழிக்குள் இறங்கியது.

மூன்று வாரமாகியும் நாற்றம் குறையவில்லை. வாத்தியார் வந்து குழம்பிப்போய் நின்றார். பெரியவர் முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஏன் அம்மணி, உனக்குப் பயந்தே அதுக செத்துப்போச்சா?" என்றார் பெரியவர்.

"நான்தானுங்க அதுகளுக்குப் பயந்தேன்."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சரி சாமி, மாசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல மனுதான்."

வாத்தியார் சேலம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் இரண்டாவது கேனைக் கொண்டுவந்தார். இம்முறை நான் குழிப்பக்கமே போகவில்லை. தை கடைசியில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் குழி முழுக்கக் குமிழ்கள், உலை கொதிப்பதைப் போல. தொட்டால் தண்ணீர் சில்லென்றிருந்தது. வாத்தியார் குமிழ்களின்மேல் டப்பாவைக் கவிழ்த்து, அதன் துளையில் தீக்குச்சியைக் காட்டினார். நீலமாக எரிந்தது! நாங்கள் கொட்டிய அழுக்கு அது. கண்ணுக்கே தெரியாத ஒன்று அதைத் தின்று நெருப்பாக்கிக் கொடுத்துவிட்டதே!

பெரியவர் குழியிலிருந்து வெளியேறிய தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார்.

"மில்ல ஓட்டுங்க. மனு வேண்டாம்."

கார் வாடகையை வாத்தியாரே கொடுத்திருந்தார் என்பது பிறகு காரோட்டி சொல்லித்தான் தெரிந்தது. என் பயத்துக்கு அவர் கட்டிய பணம். கொடுக்கப் போனபோது மாற்றலாகிப் போயிருந்தார். தொண்ணூறு ரூபாய், இன்னும் பாக்கி.