கண் திறந்த கீமேன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கதவு படுத்தே கிடக்கிறது. மாட்டுக் கொட்டகையிலிருந்து கழற்றிய பழைய பலாக் கதவு. இரண்டு பெஞ்சுகளின் மேல் அதைப் போட்டு, அதன் மேல்தான் என் வீட்டுக்காரர் பொம்மை ரயிலுக்குப் பாதை போட்டார்.

அவர் ரயில்வேயில் கீமேன். வாளையார் காட்டை ஒட்டிய பாதையில் தினமும் தண்டவாளத்தோடு நடந்து, வண்டி போகிற அதிர்வில் நகர்ந்துபோன கிளிப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்குவது வேலை. போன ஆடி மாதம், வண்டிக்கு ஒதுங்கும்போது நனைந்த ஜல்லியில் இடது கால் மடங்கி எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே நான் கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டேன். "கால் கூடிட்டா மண்ணுல ஒரு கால் செஞ்சு வெக்கறேன், சாமி." அந்தக் கருப்பராயன், இவர் நடக்கிற பாதைக்கு அக்கரையில், ஆலமரத்தடியில் இருக்கிறார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாட்டுக்கு நோவு என்றால் மண் மாடு, கைக்கு என்றால் மண் கை. உருவாரம் என்போம். யாருக்காக என்று மனதில் நினைத்துக்கொண்டே மண்ணைப் பிசைய வேண்டும். உருவத்துக்குக் கண்ணை மட்டும் கோயிலில் வைத்துத்தான் எழுதுவோம். கண் திறந்துவிட்டால் அது சாமிக்குச் சேர்ந்தது. வீட்டில் இருக்கக் கூடாது.

காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவருக்கு உட்காரத் தெரியவில்லை. என்றோ ஆசைக்கு வாங்கிப் பரணில் போட்டிருந்த கரண்டு ரயிலை எடுக்கச் சொன்னார். தான் தினமும் நடக்கிற இடத்தை அப்படியே கதவின் மேல் செய்ய வேண்டும் என்றார். தண்டவாளம் அவர் பாடு. மலை, மரம், மண் எல்லாம் என் பாடு. நான் எட்டாவது வரை படித்தவள். ஆனால் கை வேலை வரும்.

தெர்மோகோலை வெட்டி அடுக்கி, மைதாப் பசையில் பேப்பர் ஒட்டி மலை செய்தேன். டீத்தூள் சக்கையைக் காயவைத்துத் தூவினால் அசல் காட்டு மண். பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் நனைத்தால் மரம். துளசிக் குச்சி இன்னும் நன்றாக இருக்கும் என்றார். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. ஜல்லிக்குக் கேழ்வரகு போட்டேன். மறுநாள் எறும்புகள் அதை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"பாரு புள்ள, எங்க கேங்குல கூட இத்தன ஆளு இல்ல," என்று சிரித்தார். பிறகு எம்சாண்டு மணலைச் சலித்துப் போட்டோம்.

அவருக்கு எல்லாம் அச்சாக இருக்க வேண்டும். சாய்ந்த மைல் கல் சாய்ந்தே இருக்க வேண்டும். யானை உரசித் தோல் போன மரத்துக்குத் தோல் போயிருக்க வேண்டும். ஆனால் கருப்பராயனை மட்டும் நான் செய்யவில்லை. விளையாட்டுச் சாமானுக்கு நடுவில் சாமியை எப்படி வைப்பது? ஆலமரத்தையும் வைக்கவில்லை. பாதைக்கு அக்கரையில் உள்ளங்கை அகலம் வெறும் பலகையாகவே விட்டுவிட்டேன்.

வேலை முடிய முடிய அந்தக் கதவைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உச்சிப்பொழுதில், இவர் அசந்து தூங்குகையில், கூடத்தில் அந்தக் காடு மட்டும் விழித்திருக்கிற மாதிரி இருக்கும். வழி இருக்கிறது, பாதை இருக்கிறது, ஓர் ஆள் இல்லை. அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் சொன்னார்:

"ஏம்புள்ள, எல்லாம் இருக்குது. நான் எங்க?"

குளத்து மண் கொண்டுவந்து பிசைந்தேன். விரல் கணு உயரத்தில் ஓர் ஆள். ஆரஞ்சுச் சட்டை, தோளில் சுத்தியல். அவரை நினைத்துக்கொண்டேதான் பிசைந்தேன், வேறு யாரை நினைப்பேன்? காய்ந்ததும் ஈர்க்கு நுனியில் மை தொட்டு இரண்டு கண்ணும் எழுதிவிட்டேன். சிறு வயதிலிருந்து கோயிலில் செய்து பழகிய கை, தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. செய்தது இன்னதென்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மைல் கல்லுக்குப் பக்கத்தில், தண்டவாளத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி அவனை நிறுத்தினார். மறுநாள் மூன்று விரற்கடைதான் இருந்தது.

"ஏனுங்க, நீங்க நகத்துனீங்களா?"

"நான் எதுக்கு நகத்தறேன்? வண்டி ஓடற அதிர்வு. நெசத் தண்டவாளத்துல கிளிப்பு நகர்றதில்லியா, அப்படித்தான். அது நகரலைன்னா எனக்கு ஜோலியே இல்ல."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வாரமே ரயிலுக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி புகைந்துபோய் வண்டி நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் நகர்ந்தான். மலைக் கணவாய் வழியாக வீசுகிற காற்று என்றார். ஜன்னலைச் சாத்தினேன். இரண்டு நாள் கழித்து, அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். அவன் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவைத்தேன். அடுத்த திங்கட்கிழமை இவர் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள்.

"வேற ஜோலி கேட்டுப் பாருங்க. ஓபீஸ்ல உக்கார்ற மாதிரி."

"களிமண்ணு பொம்மை நகந்துதுன்னு மனு எழுதிக் குடுக்கட்டுமா?" என்று நக்கலடித்தார். ஆனால் அன்றைக்கே அவனைப் பழைய இடத்தில், செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசை போட்டு ஒட்டினார். சிரித்துக்கொண்டு ஒட்டவில்லை.

விடிந்து பார்த்தால் பசையில் இரண்டு பாதக் குழி மட்டும் இருந்தது. அவன் தண்டவாளத்தின் மேல் குப்புற விழுந்து கிடந்தான். இடது கால் கணுக்காலுக்கு மேலே ஒடிந்திருந்தது. மண் காய்ந்து சுருங்கினால் பசை விடும் என்று இவர் முணுமுணுத்தார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒடிந்த காலோடு அவனை விட மனம் வராமல், அதே பசையை அள்ளிப் பூசி ஒட்டி, பழையபடி நிறுத்திவைத்தேன்.

எதிர்வீட்டு அக்கா மோர் வாங்க வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"பொம்ம அழகா இருக்குது அம்மிணி." அடுத்த நொடி பின்னால் நகர்ந்தாள். "இதென்ன, கண்ணத் தொறந்திருக்கற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உருவாரத்துக்குக் கண்ணத் தொறந்து ஊட்டுல வெச்சிருக்கறயா? அது கோயலுக்குப் போவேண்டியதாச்சே! பாவம், அது நடையா நடக்குது." அக்கா இன்னும் குனிந்து பார்த்தாள். "மொகம் எந்தப் பக்கம் பாக்குது பாரு."

அவன் வண்டி வருகிற பக்கம் பார்க்கவில்லை. பாதைக்கு நேர் குறுக்கே, நான் வெறுமனே விட்ட உள்ளங்கை அகல இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேர்ந்துகொண்டதும், இன்னும் செலுத்தாததும் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கால் கூடி மாவுக்கட்டுப் பிரித்து வெகு நாளாகியும் நான் மலை செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனை மஞ்சள் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். இவர் இடது காலை லேசாகத் தாங்கித் தாங்கி முன்னால் நடந்தார். பாதையை நெருங்கியதும் கையை நீட்டி என்னைத் தடுத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. பிறகு வண்டி வந்தது. நிலம் நடுங்கியது. துணிக்குள்ளும் நடுங்கியது. என் கையா, மண்ணா, இன்றுவரை தெரியாது.

அக்கரையில் பூசாரி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னுங்க இது? காலுக்குத்தானே வேண்டிக்கிட்டீங்க? முழு ஆளையே கொண்டாந்திருக்கீங்க?"

பூசாரி விளையாட்டாகத்தான் கேட்டார். "முழு ஆளக் குடுத்துட்டா, சாமி கேக்கறப்ப இல்லைங்கக் கூடாதுங்க" என்று சிரித்தார். துணியை மறுபடி மூடப் போனேன். கண் திறந்ததைத் திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. மண் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவில் அவனை வைத்துவிட்டு, "காலை மட்டும் எடுத்துக்கோ சாமி, ஆளை எனக்கு உட்ரு" என்று அழுதேன். இவர் என் தோளைத் தொட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனார். அந்த ஐப்பசியில் நான் வீட்டில் இருந்தேனே தவிர, காது முழுக்க அவருடைய சைக்கிள் சத்தத்தில்தான் இருந்தது. தினமும் வந்ததும் அவரே சொல்லுவார்: "அங்கயேதான் நிக்கறான்." எனக்கு அது ஆறுதலா, பயமா, தெரியவில்லை.

பிறகு மூன்று நாள் விடாத மழை. சுடாத மண், மழைக்கு நிற்காது. அவன் கரைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே கூடாது என்று, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் பொழுதோடு இவர் நனைந்து வந்து வாசலில் நின்றார். வழக்கமாகச் சொல்லுவதைச் சொல்லவில்லை.

"கரஞ்சுட்டானுங்களா?"

"மாடு, குதிரை, எல்லாம் போச்சு. ஒரே சேறு." தலையைத் துவட்டினார். "கால் மட்டும் நிக்குது புள்ள. நீ ஒட்டுன அந்த எடது கால்."

பசை பூசிய இடம், அதனால் தண்ணீர் ஏறவில்லை என்று அவர் பிறகு விளக்கினார். இருக்கட்டும். அவர் உள்ளே வந்த ஈரத் தடத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை இடது காலில் விரல் பக்கம் மட்டும்தான் பதியும். அன்றைக்கு இரண்டு பாதமும் முழுசாகப் பதிந்திருந்தன. அது காயும்வரை நான் துடைக்கவில்லை.

புகைந்த பெட்டியை மாற்றி, ரயில் இப்போதும் ஓடுகிறது. மைல் கல்லுக்குப் பக்கத்தில் வேறு ஆள் வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தூசி தட்டும்போது, பாதைக்கு அக்கரையில் விட்ட அந்த உள்ளங்கை அகல வெறும் இடத்தில் துணி படாமல் சுற்றிப் போய்விடுவேன். ஆனால் அங்கே மட்டும் தூசி படிந்து நான் பார்த்ததில்லை.