எத்தனை பரப்பு?

இல்லை, கணக்குப் பிழையில்லை. மூன்று தரம் செய்து பார்த்துவிட்டேன்.

இதயத்துக்குள் சாயம் செலுத்தி, வெளியே வரும் இரத்தத்தில் அது எவ்வளவு என்று விநாடிக்கு விநாடி அளப்பார்கள். செலுத்திய அளவை அந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பால் வகுத்தால், இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவு வரும். போன கிழமைதான் கணித வகுப்பில், தொகையீடு (integration) பாடத்தில் படித்தேன்.

இன்று காலை எக்ஸ்ரே உறைக்குள் அப்பாவின் வளைகோடு அகப்பட்டது. "எல்லாம் சரியாம்" என்று அவர் சொன்ன அதே பரிசோதனை.

நான் பென்சிலோடு இருப்பதை அப்பா எட்டிப் பார்த்தார். "எத்தனை பரப்புப் பிள்ளை? எங்கட காணியை விடக் கூடவோ?"

ஊரில் காணியை அளப்பதும் பரப்பில்தான்.

"இதில பரப்புக் கூடினால் இரத்தம் குறைவு அப்பா. நிமிசத்துக்கு மூண்டு லீற்றர்தான் வருது. அஞ்சு லீற்றராவது வேணும்."

அவருடைய சிரிப்பு நின்றது. பென்ரோஸில் இருக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த அண்ணா நிமிரவேயில்லை.

"உன்ர கணக்குச் சோதனை முடியட்டும் எண்டுதான் சொல்லேல்லை" என்றார் அப்பா.

"அம்மாவுக்கும் தெரியுமோ?"

"ஓம்."

வீட்டில் கணக்குப் படிப்பவள் நான் ஒருத்தி. விடை தெரியாமல் இருந்தவளும் நான் ஒருத்திதான்.

"சரியாம்" என்பதில் வரும் அந்த "ஆம்" யார் சொன்னது என்று நான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்களா? எழுதுங்கள்.

அடுத்த கிளினிக் எப்போது என்று அண்ணாவிடம் கேட்டு, சமையலறைக் கலண்டரில் குறித்தேன்: அப்பாவும் நானும்.